பிறர் சூட்டிய முடி: மூன்றாம் இராசராச சோழன் வரலாறு

வந்தவாசி, தேசூர்ப் பக்கத்து நம்மவர்க்குத் தெள்ளாறு அயலூர் அன்று. திருமணங்களுக்கும் திருவிழாக்களுக்கும் அவ்வழியே சென்று வருபவர்கள் நாம். ஆயினும் அவ்வூர் இரண்டு பெரும் போர்களைக் கண்ட களம் என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவன் மூன்றாம் நந்திவர்மன் அங்கே பாண்டியனை வென்றான். அவ்வெற்றியாலேயே அவன் பெயர் நிலைத்தது. நந்திக்கலம்பகம் அவனைப் பாடிற்று. ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் கழித்து அதே தெள்ளாற்றில் ஒரு சோழ மன்னன் தோற்றான். தோற்றதோடு அமையாமல், தனக்கு அடங்கியிருக்க வேண்டிய ஒரு சிற்றரசன் கையில் சிறையும் பட்டான். அவனைப் பாடுவார் எவரும் இலர். அவனே மூன்றாம் இராசராசன்.

அவன் தாங்கிய பெயர் எத்தகைய பெயர்! போளூருக்கு அருகே திருமலையில் நாம் வணங்கும் குந்தவை ஜினாலயம், முதலாம் இராசராசனின் தமக்கையார் பெயரால் விளங்குவது. அந்த மலையின் பாறையில் இராசராசனின் மகன் முதலாம் இராசேந்திரன் கங்கை வரையில் வென்ற நாடுகளின் நீண்ட வரிசை பொறிக்கப்பட்டிருக்கிறது. அவ்வளவு பெரிய வெற்றிப் பட்டியலின் முடிவில் வருவது, சாமுண்டப்பை என்னும் வணிகர் மனைவி ஒருத்தி அருகக் கடவுளுக்கு விளக்கெரிக்க அளித்த எளிய கொடை. பேரரசனின் படைகள் கங்கைக்குப் போய் மீண்ட காலத்தில், நம் குலத்துப் பெண்மணி ஒருத்தி அச்சமின்றி மலையேறிச் சென்று விளக்கேற்ற முடிந்தது. நல்லாட்சி என்பது குடிமக்களுக்கு அவ்வளவுதான். அதற்கு மேல் அவர்கள் கேட்பதும் இல்லை. அந்த இராசராசனுக்கும் இந்த இராசராசனுக்கும் இடையே இருநூறு ஆண்டுகள்.

பள்ளியில் நான் பிற்காலச் சோழர் வரலாற்றைக் கற்பித்த நாட்களில் இம்மன்னனை ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவது வழக்கம். வலிமையற்ற அரசன், அவன் காலத்தில் சோழப் பேரரசு வீழ்ச்சியுற்றது என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த பாடத்திற்குச் சென்றுவிடுவேன். அவ்வாறு ஒரு வாக்கியத்தில் அடங்குவது அன்று அவன் கதை என்பது ஓய்வு பெற்ற பின், கல்வெட்டுச் செய்திகளை அமைதியாக உட்கார்ந்து படித்த போதுதான் விளங்கிற்று.

அவனுக்கு முன் சோழ நாட்டை ஆண்டவன் மூன்றாம் குலோத்துங்கன். கி.பி. 1178 முதல் 1218 வரை நாற்பது ஆண்டுகள் ஆண்டவன். மதுரை, ஈழம், கருவூர் ஆகியவற்றை வென்றதாகப் பெருமை கொண்டவன். திருபுவனத்துப் பெருங்கோயிலை எடுப்பித்தவன். நம் பவணந்தி முனிவர் நன்னூல் இயற்றியதும் இவன் காலத்திலேதான். அந்நூலைச் செய்வித்த சீயகங்கன், குலோத்துங்கனுக்கு அடங்கிய சிற்றரசருள் ஒருவன். தமிழ் படிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் இன்றளவும் பயிலும் இலக்கணம் அந்த ஆட்சியின் நிழலில் பிறந்தது என்பதில் நமக்கு மகிழ்ச்சி உண்டு.

ஆனால் புறத்தே பொலிவுடன் நின்ற அம்மரத்தின் உள்ளே கறையான் புகுந்துவிட்டது. கி.பி. 1201-இல் பஞ்சம் ஏற்பட்டது. காசுக்கு மூன்று நாழி நெல் விற்ற நிலையில், திருப்பாம்புரத்தில் வேளாளர் ஒருவர் தம் இரண்டு பெண் மக்களுடன் தம்மைக் கோயிலுக்கு 110 காசுக்கு விற்றுக்கொண்டார். மற்றொரு நோய் அரசியலில் தோன்றியது. நம் மாவட்டத்துச் செங்கத்தில் உள்ள கல்வெட்டு ஒன்று, குலோத்துங்கன் காலத்திலேயே சிற்றரசர்கள் தமக்குள் உடன்படிக்கை செய்துகொண்டதைக் கூறுகிறது. இன்னார்க்கு இன்னார் நண்பர், இன்னார்க்கு இன்னார் பகைவர் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். அவ்வுடன்படிக்கையில் இடம்பெற்றவருள் தகடூர் அதியமான் விடுகாதழகிய பெருமாளும் ஒருவன். திருமலையில் தன் முன்னோர் நிறுவிய இயக்கன், இயக்கி திருவுருவங்களைப் புதுப்பித்து நம் நன்றிக்குரியவனானவன் அவனே. அறச்செயலில் சிறந்தவர்களுக்கும்கூட, அரசனிடம் முறையிட்டுப் பயனில்லை, நம்மை நாமே காத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்டது என்பதை இதனால் அறிகிறோம்.

மூன்றாவதாகப் பாண்டியரின் மனத்தில் மூண்ட நெருப்பு. குலோத்துங்கன் மதுரையை வென்றபோது, பாண்டியர் முடிசூடும் மண்டபத்தை இடித்து, அந்நிலத்தைக் கழுதை பூட்டிய ஏரால் உழுது, இழிந்த கூலத்தை விதைக்கச் செய்தான். தோற்றவனை இவ்வளவு இழிவு செய்வது எதற்கு? வெற்றி பெற்றதோடு விட்டிருக்கலாம். அந்த இழிவைத் தன் கண்முன் கண்ட பாண்டிய இளவரசன் மாறவர்மன் சுந்தரபாண்டியன் கி.பி. 1216-இல் அரியணை ஏறினான். அதே ஆண்டில்தான் இராசராசனும் சோழ நாட்டில் பட்டம் பெற்றான். முன்னோன் விதைத்ததை அறுக்க வேண்டிய ஆண்டில் இவன் தலையில் முடி ஏறிற்று.

சில ஆண்டுகளுக்குள் சுந்தரபாண்டியன் படையெடுத்து வந்தான். தஞ்சையும் உறந்தையும் எரிந்தன. மாடங்களும் மண்டபங்களும் மதில்களும் இடிக்கப்பட்டன. சோழர் அரண்மனை நின்ற இடத்தைக் கழுதை ஏரால் உழுது கவடி விதைத்தான். ஒன்றுக்கு ஒன்று சரியாகத் திருப்பிக் கொடுத்தான். அந்த அழிவிற்கிடையே ஒரு செய்தி மட்டும் நெஞ்சுக்கு இதமானது. பட்டினப்பாலை பாடிய உருத்திரங்கண்ணனாருக்குக் கரிகாலன் பரிசாக அளித்த பதினாறு கால் மண்டபத்தை மட்டும் பாண்டியன் இடிக்காமல் விட்டான் என்று திருவெள்ளறைக் கல்வெட்டுப் பாடல் கூறுகிறது. பகையின் உச்சத்திலும் ஒரு புலவருக்காகக் கை நின்றது.

ஆயிரத்தளியில் வீராபிடேகம் செய்துகொண்ட சுந்தரபாண்டியன், தில்லை சென்று வழிபட்டு மீண்டான். பொன்னமராவதியில் அவன் தங்கியிருந்தபோது சோழன் மனைவி, மகவோடு வந்து நின்று நாட்டைத் திரும்ப வேண்டினான். பாண்டியனும் முடியைத் திரும்பக் கொடுத்தான். அவ்வாறு வந்து நின்றவன் முதியவனான குலோத்துங்கனா, இளையவனான இராசராசனா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. யாராயினும், அந்தத் தலைகுனிவு இராசராசனின் ஆட்சித் தொடக்கத்திலேயே நிகழ்ந்தது. பாண்டியன் கருணையினால் மட்டும் முடி திரும்பவில்லை. துவாரசமுத்திரத்திலிருந்து போசள மன்னன் இரண்டாம் வல்லாளனின் படையும் சோழனுக்குத் துணையாக வந்தது. அதன் பயனாக வல்லாளன் சோழ இராச்சியத்தை நிலைநிறுத்திய ஆசாரியன் என்னும் பட்டத்தைச் சூடிக்கொண்டான். சுந்தரபாண்டியனோ, சோணாடு வழங்கியவன் என்று தன்னைப் புகழ்ந்துகொண்டான். ஒரே நாட்டைக் கொடுத்ததாக இரண்டு அரசர்கள் பெருமை பேசினர். கொடுக்கப்பட்டவனுக்கு என்ன பெருமை எஞ்சியது?

இதன்பின் ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகள் அவனுக்குக் கிடைத்தன. படிப்பினை பெறுவதற்கு அது போதுமான காலம். வரும் திறையை ஒழுங்காகச் செலுத்தி, நாட்டைப் பண்படுத்தி, சிற்றரசரை அன்பாலோ அச்சத்தாலோ தன்பால் ஈர்த்திருந்தால் அவன் வரலாறு வேறாயிருக்கும். அவன் செய்ததோ வேறு. பாண்டியனுக்குச் செலுத்த ஒப்புக்கொண்ட திறையை நிறுத்தினான். நிறுத்தியதோடு பாண்டியன் மீது படையும் எடுத்தான். அப்படைக்கு வலிமை இருந்ததா என்று அவன் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. நம் ஏலாசாரியர் அருளியதாக நாம் போற்றும் திருக்குறளில் வலியறிதல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது; தன் வலி, மாற்றான் வலி, துணையின் வலி இவற்றை நிறுத்துப் பார்க்கச் சொல்வது அது. இம்மன்னன் மூன்றையுமே நிறுக்கவில்லை. அவனைக் கோழை என்று கூறுவோர் உளர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. கோழையாயின் திறையைச் செலுத்திக்கொண்டு அடங்கியிருப்பான். அளவறியாமையே அவன் குற்றம். தன்னிடம் உள்ளது முதலாம் இராசராசனின் பெயர் மட்டுமே, அவனுடைய படை அன்று என்பதை அவன் உணரவில்லை.

பாண்டியன் அவனை எளிதில் முறியடித்தான். தோற்று வடக்கு நோக்கி வந்த மன்னனுக்கு ஒரே நம்பிக்கை போசளரின் துணை. ஆனால் வழியில் காத்திருந்தான் காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன்.

கூடலூர்ப் பகுதியில் சோழருக்கு அடங்கிய தலைவர்களாய் இருந்த காடவர், பல்லவர் குடியில் வந்ததாகத் தம்மைக் கூறிக்கொண்டவர்கள். கோப்பெருஞ்சிங்கன் கெடிலக்கரையில் சேந்தமங்கலத்தைக் கோட்டையாக்கிக்கொண்டு, பேரரசு தளரும் நாளை எதிர்நோக்கியிருந்தான். அவனுடைய பட்டப்பெயர்களுள் ஒன்று அவனியாளப் பிறந்தான் என்பது. ஆளும் குடியில் பிறந்தவனுக்கு ஆளத் தெரியவில்லை. அடங்கிய குடியில் பிறந்தவன் ஆளவே பிறந்ததாகப் பெயர் வைத்துக்கொண்டான். கி.பி. 1231 அளவில் தெள்ளாற்றில் இருவரும் மோதினர். சோழனை வென்று, அவனுடைய அரச சின்னங்களைப் பறித்து, அமைச்சரோடு சிறையிட்டு அவன் நாட்டைக் கொண்டதாகக் கோப்பெருஞ்சிங்கனின் வயலூர்க் கல்வெட்டு கூறுகிறது. போசளர் அவையில் எழுந்த கத்தியகர்ணாமிருதம் என்னும் வடமொழி நூலும், சோழன் போசளனிடம் சேர விரைந்த வழியில் காடவனிடம் அகப்பட்டதாகச் சொல்கிறது. சேந்தமங்கலத்தில் அவன் அடைக்கப்பட்டான்.

சீவகசிந்தாமணியில் வரும் சச்சந்தன் கதையை நம் இல்லங்களில் அறியாதார் இலர். விசயையின் அன்பில் மூழ்கி, ஆட்சியைக் கட்டியங்காரனிடம் ஒப்படைத்து, அவனாலேயே மாண்டான் சச்சந்தன். சேந்தமங்கலத்துச் சிறையை நினைக்குந்தோறும் எனக்கு அக்கதையே நினைவுக்கு வரும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. சச்சந்தன் நம்பி ஒப்படைத்தான். இராசராசனோ எவரையும் நம்பவும் இல்லை, அடக்கவும் இல்லை. கண்முன்னே ஒருவன் கோட்டை கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். சச்சந்தனுக்குச் சீவகன் என்றொரு மகன் பிறந்து பழி தீர்த்தான். இவனுக்காகப் பழி தீர்க்க அயலான்தான் வரவேண்டியிருந்தது.

வந்தவன் போசள மன்னன் இரண்டாம் நரசிம்மன். சோழ மன்னன் சிறைப்பட்டதையும் காடவன் படை நாட்டையும் கோயில்களையும் அழிப்பதையும் கேள்வியுற்று அவன் துவாரசமுத்திரத்திலிருந்து புறப்பட்ட செய்தி, கடலூரை அடுத்த திருவயிந்திரபுரத்துக் கல்வெட்டில் விரிவாக உள்ளது. வழியில் மகத நாட்டை வேரறுத்துப் பாச்சூரில் பாசறை அமைத்தான். அங்கிருந்து அப்பண்ணன், சமுத்திர கோப்பய்யன் என்னும் தண்டநாயகர் இருவரை அனுப்பினான். காடவனுடைய படைத்தலைவர்கள் மாண்டனர். அவனுக்குத் துணையாய் நின்ற ஈழத்து அரசன் பராக்கிரமபாகுவும் உயிரிழந்தான். தண்டநாயகர்கள் தில்லையில் வழிபட்டுப் பின் திருப்பாதிரிப்புலியூரில் தங்கினார்கள். அக்காலத்திலேயே நரசிம்மன் காவிரிக்கரையில் மகேந்திரமங்கலத்தில் பாண்டியனையும் வென்றான்.

இக்கல்வெட்டைப் படிக்கும்போது என் மனம் நின்றுவிடும் இடம் ஒன்று உண்டு. திருவதிகை, திருவெக்கரை முதலிய ஊர்களைப் போசளப் படை அழித்ததையும், வாரணவாசி ஆற்றுக்குத் தெற்கும் சேந்தமங்கலத்திற்குக் கிழக்குமாகக் கடல் வரையில் இருந்த ஊர்களைச் சுட்டதையும், பெண்டிரைப் பிடித்ததையும், கொள்ளை கொண்டதையும் அது வெற்றிச் செய்தியாகவே அடுக்குகிறது. இவை யாருடைய ஊர்கள்? சோழ நாட்டின் ஊர்கள். விடுவிக்கப்பட வேண்டிய அதே மன்னனின் குடிகள் வாழ்ந்த ஊர்கள். முதலில் காடவன் படை அழித்தது. பிறகு மீட்க வந்த படை அழித்தது. கோட்டைக்குள் இருந்த மன்னனுக்கு உணவும் காவலும் இருந்தன. வெளியே எரிந்த கூரைக்குக் காவல் இல்லை. சேந்தமங்கலம் இருக்கும் அதே உளுந்தூர்ப்பேட்டை வட்டாரத்தில்தான் நம் அப்பாண்டைநாதர் எழுந்தருளியுள்ள திருநறுங்கொண்டை மலையும் இருக்கிறது. மலைமேல் நின்றவர்களுக்கு அந்நாளில் கீழ்த்திசையில் புகை தெரிந்திருக்கும் அல்லவா? பள்ளிக்கு வரும் வழியில் சிராவகர்கள் எவ்வளவு அஞ்சியிருப்பர்! இது என் கற்பனையே. ஆயினும் அம்மலையில் நிற்கும்போதெல்லாம் இவ்வெண்ணம் எழாமல் இருப்பதில்லை.

சேந்தமங்கலத்தை முற்றுகையிடும் வேளையில் கோப்பெருஞ்சிங்கன் பணிந்தான். சோழனை விடுவித்து மீண்டும் அரியணையில் அமர்த்த இசைந்தான். தண்டநாயகர்கள் இராசராசனைச் சோழ நாட்டிற்கு அழைத்துச் சென்று ஆட்சியில் அமர்த்தினார்கள். சிறையிட்ட காடவனுக்குத் தண்டனை ஏதும் இல்லை. அவன் தன் கோட்டையில் தானே இருந்தான். பின்னர் அப்பெயருடைய காடவ மன்னன் சகலபுவனச் சக்கரவர்த்தி என்று பட்டம் புனைந்து 1243 முதல் தன் ஆட்சியாண்டிட்டுக் கல்வெட்டுப் பொறித்தான். தில்லையில் கோபுரம் எழுப்பினான். திருவண்ணாமலைக் கோயிலிலும் அவன் கல்வெட்டுகள் இருக்கின்றன. சிறைவைத்தவனும் சிறைப்பட்டவனும் ஒரே நாட்டில் தத்தம் ஆண்டுக்கணக்கைப் பொறித்துக்கொண்டிருந்தனர்.

நம் புராணங்களில் அரசர்கள் ஒரு மேகம் கலைவதைக் கண்டும், தலையில் ஒரு நரைமயிரைக் கண்டும் நாட்டை மைந்தனிடம் அளித்துத் துறவு பூண்டதைப் படிக்கிறோம். பாகுபலியோ வென்ற பிறகும் துறந்தார். சிறையிலிருந்து மீண்ட அந்நாளில் இராசராசனுக்கு அத்தகைய வாய்ப்பு ஒன்று வாயிலில் வந்து நின்றது. ஆளும் தகுதி தனக்கு இல்லை என்பதை மூன்று அரசர்கள் அவனுக்குக் காட்டிவிட்டனர். ஆயினும் அவன் அகலவில்லை. இன்னும் பதினைந்து ஆண்டுகள் அரியணையில் இருந்தான். அவனைச் சமய நெறியால் அளப்பது முறையா என்று சிலர் கேட்கக்கூடும். அவன் நம் சமயத்தவன் அல்லன் என்பது உண்மையே. ஆயினும் பற்றை விடமுடியாமை எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவான நோய்தானே!

அப்பதினைந்து ஆண்டுகளைப் பற்றிச் சொல்லத்தக்கவை மிகுதியாக இல்லை. போசளப் படைத்தலைவர்கள் சோழ நாட்டில் தங்கலாயினர். நரசிம்மனுக்குப் பின் வந்த சோமேசுவரன் திருவரங்கத்திற்கு அருகே கண்ணனூரில் ஒரு தலைநகரே அமைத்துக்கொண்டான். உதவிக்கு வந்தவர் வீட்டிலேயே குடியேறிவிட்டார். சம்புவராயரும் ஏனைய தலைவர்களும் தத்தம் நாட்டைத் தாமே ஆண்டனர். சோழன் பெயர் மட்டும் ஆவணங்களின் தலைப்பில் நின்றது.

கி.பி. 1246-இல் மூன்றாம் இராசேந்திரன் இளவரசுப் பட்டம் பெற்று ஆட்சியைத் தன் கையில் எடுத்துக்கொண்டான். அவன் ஆற்றல் உடையவன். நெல்லூர்த் தெலுங்குச் சோடர் குடியின் திக்கன் அவனுக்குத் துணை நின்றான். தானும் சோழரை நிலைநிறுத்திய ஆசாரியன் என்று பட்டம் பூண்டான். நிலைநிறுத்தியவர் பெருகப் பெருக நிலை தளர்ந்துகொண்டே வந்தது. இராசேந்திரன் பாண்டியரை ஒருமுறை வென்றதும், முன்பு சோழருக்கு உதவிய போசளர் பாண்டியர் பக்கம் சாய்ந்தனர். இருவரும் சமமாகத் தளர்ந்திருப்பதே அவர்களுக்கு வேண்டுவதாயிற்று. இராசேந்திரன் போன்ற ஒருவன் 1216-இல் முடி சூடியிருந்தால் என்று எண்ணத் தோன்றுகிறது. முப்பது ஆண்டுகள் வீணே கழிந்த பின் வந்தான், காலம் கடந்துவிட்டது.

இராசராசன் அதன் பின்னும் பத்தாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தான். ஆட்சி ஒருவன் கையில், ஆண்டுக்கணக்கு மற்றொருவன் பெயரில் என்று நாடு நடந்தது. 1260-ஐ ஒட்டி அவன் கல்வெட்டுகள் ஓய்ந்துவிடுகின்றன. அவனைப் பள்ளிப்படுத்த இடம் என்று எவரும் எதையும் காட்டுவதில்லை. சடாவர்மன் சுந்தரபாண்டியன் 1251-இல் பட்டமேறி, சேந்தமங்கலத்தையும் கண்ணனூரையும் அடக்கினான். 1279-உடன் மூன்றாம் இராசேந்திரனின் கல்வெட்டுகளும் முடிந்தன. விசயாலயன் முதல் நானூறு ஆண்டுகளுக்கு மேல் நடந்த குடி அத்துடன் மறைந்தது.

அவனைச் சிறைமீட்ட போசளர் குடியின் கதையும் நம் மாவட்டத்திலேதான் தன் இறுதிப் பகுதியை அடைந்தது. மூன்றாம் வல்லாளன் வடக்கே தன் நாடு அழிவுற்றபின் திருவண்ணாமலையைத் தலைநகராகக் கொண்டான். எண்பதை எட்டிய முதுமையிலும் தானே படை நடத்திச் சென்று, மதுரைச் சுல்தானோடு கண்ணனூர்க் கொப்பத்தில் பொருது, சிறைப்பட்டு உயிரிழந்தான். திருவண்ணாமலைக் கோயிலில் வல்லாள மகாராசன் கோபுரம் நிற்கிறது. மாசித் திங்களில் அருணாசலேசுவரர் பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி, மகனாக இருந்து அவனுக்குத் திதி கொடுப்பதாகச் சைவப் பெருமக்கள் இன்றும் விழா எடுக்கின்றனர். அவ்விழாக் கூட்டம் அகன்ற பின், கோயில் மதிலோரம் நடந்து சென்றால் சோழர் கல்வெட்டுகளும் காடவர் கல்வெட்டுகளும் போசளர் கல்வெட்டுகளும் அங்கங்கே இருப்பதைக் காணலாம். எண்ணெய்ப் படிவும் சுண்ணாம்பும் மூடிய எழுத்துகளை, கற்பிக்கும் பழக்கத்தால் விரலால் தடவிப் பார்த்திருக்கிறேன்.